பிசிறு தட்டிய குரல்



எனக்குப் பிடித்த பாடல்களைக் குறித்து இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வருகிறேன். பெரும்பாலும் அவை நம் கோவில்களில் பாடப்படுபவை. அல்லது நம் இளமையில் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து கேட்டவை. இத்திங்கள் நான் எடுத்துக்கொண்டிருப்பது இவ்விரண்டிலும் சேராத ஓர் ஆங்கிலப் பாட்டு. அதை இயற்றியவர் ஓர் அமெரிக்க ராக் இசைக்கலைஞர். போதையும் தன்வெறுப்புமே அதன் பொருள். குடும்ப இதழில் இதற்கென்ன வேலை என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருளிப் படியுங்கள். பங்குத்தந்தை என்ற முறையில் நான் செய்த தவறொன்றை எனக்கு எடுத்துக்காட்டியது அப்பாட்டே. ஆகையால் அதற்கு நான் கடன்பட்டவன்.

முதலில் அத்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பங்கில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராகப் பணியாற்றியவர். குருக்கள் மாதத்திற்கு ஒருமுறை மட்டும் வந்துபோன காலத்தில் ஞாயிறு செபம் நடத்தியவரும், சாகக் கிடந்தோர் தலைமாட்டில் அமர்ந்து செபம் சொன்னவரும், சிறுவர்க்கு ஞான உபதேசம் கற்பித்தவரும் அவரே. இன்று ஊரில் பேரன் பேத்தி எடுத்திருப்போருள் பலர் அவரிடம் காது திருகப்பெற்று விசுவாச மந்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள். ஓய்வு பெற்ற பின்னும் ஊரார்க்கு அவர் உபதேசியார்தாம். எனக்கும் அப்படியே.

பெரிய வெள்ளி இரவில், ஆண்டவரின் பாடுபட்ட சுரூபத்தைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றி வரும் பவனியில் புலம்பல் பாடுவது அவருடைய உரிமை. யாரும் எழுதிக் கொடுத்த உரிமையன்று. அவருடைய தந்தை பாடினார்; தந்தைக்குப்பின் இவர் பாடினார்; அவ்வளவே. மணியோசை அடங்கி மரத்தட்டை மட்டும் ஒலிக்கும் அந்த இரவில், விளக்கணைத்த தெருக்களின் வழியே அவர் குரல் முன்னே செல்ல, பெண்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தின் நடுவில், பாடகர் குழுவை நடத்தும் இளைஞர் என்னிடம் வந்தார். நல்ல பிள்ளை, இசையறிவும் உழைப்பும் உள்ளவர். "ஃபாதர், தாத்தாவின் குரல் இப்போது சுருதியில் நிற்பதில்லை. மேலே போகும்போது உடைந்துவிடுகிறது. கீபோர்டு ஒரு பக்கம் போகிறது, அவர் ஒரு பக்கம் போகிறார். பவனியை யூட்யூபில் நேரலையாகக் காட்டுகிறோம். துபாயிலும் குவைத்திலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றார். (பெரியவர்களுக்கு நான் சாமி, இளையவர்களுக்கு ஃபாதர். ஒரே பங்கில் இரண்டு பேராக இருப்பது சில வேளைகளில் கடினம்.)

அவர் சொன்னதில் பொய்யில்லை. முந்தைய ஆண்டு நானும் அந்தப் பிசிறைக் கேட்டேன். சற்றே கூச்சமாகவும் இருந்தது. பெரிய வெள்ளியன்று இசைக்கருவிகளை ஓரங்கட்டி, தேவையானால் பாடலுக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. கருவிக்குத் துணையாக மனிதரை வைப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. குருமடத்தில் வழிபாட்டுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு அந்நேரம் இது நினைவுக்கு வரவில்லை.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரை அழைத்தேன். "இந்த ஆண்டு நீங்கள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, இரவுப் பனியில் நெடுநேரம் நடக்க வேண்டும், பிள்ளைகள் பாடட்டும்" என்றேன். பனியின்மேல் பழியைப் போட்டதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவர் என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். "சரி சாமி" என்றார். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து, "இந்த வருசம் மட்டுமா சாமி?" என்று கேட்டார். "பார்ப்போம்" என்றேன்.

அன்றிரவு அவ்விளைஞர் மிக நன்றாகவே பாடினார். ஒரு சுரமும் பிசகவில்லை. வெளிநாட்டிலிருந்து பாராட்டுச் செய்திகள் வந்தன. உபதேசியார் பவனியின் கடைசி வரிசையில் நடந்து வந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்து முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது அவருடைய வீட்டிற்கும் போனேன். அவர் மனைவி பக்கவாதத்தால் ஆறாண்டுகளாகப் படுக்கையில் இருந்தவர். நன்மை வாங்கிய பின் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "சாமி, பெரிய வெள்ளிக்கிழமை மைக் செட்டுக்கு என்ன வந்தது? வேறே யாரோ பாடினது கேட்டது. அவங்க பாடும்போது மட்டும் எங்க தெருக் குழாய் நின்னு போச்சாமே. வருசத்துக்கு ஒரு நாள்தான் அவங்க பாட்டுக் கேட்பேன்."

நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க மனமின்றி ஒலிபெருக்கிக் குழாயின்மேல் பழியைப் போட்டிருக்கிறார். பனியும் குழாயும்! ஒரே குற்றத்திற்கு இரண்டு பொய்ச் சாட்சிகள். என்னுடையது என்னைக் காக்க. அவருடையதும் என்னைக் காக்கவே.

இனி, பாட்டுக்கு வருகிறேன்.

சில வாரங்கள் சென்றபின் அதே இளைஞர் கைபேசியோடு பங்கு இல்லத்திற்கு வந்தார். பாதுகாவலர் திருவிழாவிற்குப் புதிய பாட்டொன்றைக் காணொளியாக எடுக்க விரும்பினார். அதற்கு மாதிரியாக, ஒளியமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு காணொளியை ஓடவிட்டார். எனக்கு ஒளியமைப்பு கண்ணில் படவில்லை. குரல் காதில் விழுந்தது. "இது யாரப்பா?" என்றேன். "ஜானி கேஷ், ஃபாதர். பழைய பாடகர். உங்களுக்குத் தெரிந்திருக்காது" என்றார்.

தெரியாமலா? 1980களின் பிற்பகுதியில் நான் குருமடத்தில் பயின்றபோது, எங்களில் சிலரைச் சிறைச்சாலைச் சந்திப்புக்கு அழைத்துச் சென்ற வயதான குரு ஒருவர் இருந்தார். அவர் அறையில் ஒரு டேப்ரிக்கார்டரும் நாலைந்து கேசட்டுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, ஜானி கேஷ் 1968 சனவரி 13 அன்று கலிபோர்னியாவிலுள்ள ஃபால்சம் சிறைச்சாலையில் கைதிகளின் முன்னிலையில் நடத்திய நிகழ்ச்சியின் பதிவு. முதன்முறை சிறைக்குப் போகுமுன் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்க ஆங்கிலம் எங்களுக்குப் பாதி விளங்கவில்லை. கைதிகளின் ஆரவாரம் முழுவதும் விளங்கியது. பாறையை உருட்டினாற்போன்ற கனத்த குரல் அது. அந்த மனிதர் எதற்கும் அசையமாட்டார் என்று தோன்றும்.

அதே குரல்தான் இப்போது கைபேசியில் நடுங்கியது.

ஜானி கேஷ் 1932-இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். வறுமைக்காலத்தில் அரசு ஏழை உழவர்களுக்கென அமைத்த டைஸ் என்னும் குடியேற்றத்தில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். பாப்டிஸ்ட் சபைப் பாடல்களைத் தாயின் மடியில் கற்றவர். அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1944-இல், அண்ணன் ஜாக் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். பதினான்கு வயதிலேயே போதகராக வேண்டுமென்று விரும்பிய பிள்ளை அவர். தம்பி அன்று மீன் பிடிக்கப் போயிருந்தார். அந்த நாளின் பாரம் ஜானியை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை.

அவர் தாய், மகனின் குரல் ஆண்டவர் கொடுத்த கொடை என்று நம்பினார். பிறர் துணிகளை வெளுத்துச் சேர்த்த காசில் அவரைப் பாட்டு ஆசிரியை ஒருவரிடம் அனுப்பினார். மூன்றாம் பாடத்தோடு அந்த ஆசிரியை, இனி நீ எவரிடமும் கற்க வேண்டாம், உன் பாட்டு முறையை எவரும் மாற்ற இடங்கொடுக்காதே என்னும் பொருள்படக் கூறி அனுப்பிவிட்டாராம். கட்டணத்தை விட்டுக்கொடுத்து இப்படிச் சொல்லும் ஆசிரியர்கள் அரியர். நானோ ஒரு காசும் பெறாமல், எண்பது வயதுக் குரலைத் திருத்த முனைந்தவன்.

பின்பு வந்த புகழை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. புகழோடு போதை மாத்திரைகளும் வந்தன. முதல் திருமணம் குலைந்தது. 1968-இல் பாடகி ஜூன் கார்ட்டரை மணந்தார். மாத்திரைகளின் பிடியிலிருந்து அவர் மீளப் பெருந்துணையாய் நின்றவர் ஜூன். முழு மீட்சி என்று சொல்லிவிட முடியாது. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். 1973-இல் இருவரும் சேர்ந்து, புனித நாட்டிற்கே சென்று, இயேசுவின் வாழ்வைப் படமாக எடுத்து வெளியிட்டனர். அதில் மகதலா மரியாவாக நடித்தவர் ஜூன். இப்படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதுமையில் அவரை இசையுலகம் ஏறக்குறைய மறந்தே போயிற்று. அந்நிலையில் ரிக் ரூபின் என்னும் இளைய தயாரிப்பாளர் ஒருவர் அவரைத் தேடிச் சென்று, கிதாரோடு உட்கார்ந்து உங்களுக்குப் பிடித்ததைப் பாடுங்கள் என்றார். 1994 முதல் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட தொகுப்புகளுள் நான்காவது, 2002-இல் வந்தது. அதில் உள்ளதே நான் சொல்லவந்த பாட்டு. 'ஹர்ட்' என்பது அதன் பெயர். வலி, காயம் என்று கொள்ளலாம். ட்ரென்ட் ரெஸ்னர் என்பவர் இருபதுகளின் இறுதியில் இயற்றி, 1994-இல் தம் குழுவின் தொகுப்பில் வெளியிட்டது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு, நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று பார்க்கும் ஓர் இளைஞனின் இருண்ட மனம் அதில் பேசுகிறது. பின்னர் அந்த மூலப் பதிவையும் கேட்டேன். என்னைப் போன்ற வயதினர்க்கு எளிதில் ஒட்டாத ஓசை அது. ஆயினும் பொய்யான ஓசையன்று.

அதே சொற்களைக் கேஷ் எடுத்துக்கொண்டார். இழிசொல் ஒன்றை நீக்கி, அவ்விடத்தில் முள்முடியை வைத்தார். மாற்றியது அவ்வளவே. ஆனால் எழுபது வயதில் அவர் அதைப் பாடும்போது பொருள் முழுவதும் திசை மாறிவிடுகிறது. இளைஞன் பாடியபோது வாழ்வு இனி வேண்டாம் என்பதுபோல் ஒலித்தது. முதியவர் பாடும்போது, வாழ்ந்த வாழ்வுக்குக் கணக்கு ஒப்படைப்பதுபோல் ஒலிக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முப்பது ஆண்டுகள் அமர்ந்தவனுக்கு இந்த இரண்டு குரல்களும் தெரியும். இரண்டும் ஒரே சொற்களைத்தான் சொல்லும்.

அப்போது அவருக்கு நீரிழிவு முற்றி நரம்புகள் தளர்ந்திருந்தன. பார்வை மங்கியிருந்தது. நிமோனியா மீண்டும் மீண்டும் வந்து போயிற்று. மூச்சு ஒரு வரிக்குப் போதவில்லை. ரூபின் அதை மறைக்கவில்லை. கிதாரும் பியானோவும் துணைநிற்க, குரல் உடையும் இடங்களில் உடையவிட்டார். சுருதியைச் சரிசெய்யும் கருவிகள் அக்காலத்திலும் இருந்தன.

காணொளியை இயக்கியவர் மார்க் ரோமனெக். டென்னசி மாநிலத்தில் ஹெண்டர்சன்வில் என்னும் ஊரில் கேஷின் வீடும், அவர் நினைவுப் பொருள்களை வைத்திருந்த காட்சியகமும் இருந்தன. காட்சியகம் மூடப்பட்டு, வெள்ளத்தால் சிதைந்து கிடந்தது. அதைக் கண்ட இயக்குநர், அந்த மனிதரையும் உள்ளபடியே காட்டுவது என்று முடிவு செய்தார். நான்கு நிமிடத்திற்கும் குறைந்த படம். கறுப்பு உடையில் அமர்ந்திருக்கிறார் கேஷ். முகம் ஊதியும் நடுங்கியும் இருக்கிறது. இடையிடையே இளமையின் பழைய படக்காட்சிகள் வருகின்றன: ரயிலில் ஏறும் கேஷ், மேடையில் சிரிக்கும் கேஷ். அவர் முன்னே விருந்து பரப்பிய மேசை, உண்பவர் இல்லை. நடுங்கும் கையால் கிண்ணத்துத் திராட்சை இரசத்தை அந்த உணவின்மேலேயே கவிழ்த்துவிடுகிறார். முடிவை நெருங்கும்போது பியானோ ஒலி ஆணி அடிப்பதுபோல் ஏறிக்கொண்டே போகிறது; கூடவே, 1973-இல் அவர் எடுத்த படத்திலிருந்து ஆண்டவரைச் சிலுவையில் அறையும் காட்சி மின்னி மறைகிறது. தம் கையால் எடுத்த சிலுவைக் காட்சி முப்பதாண்டு கழித்துத் தமக்கே சாட்சியாக வந்து நிற்கும் என்று அன்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

அதில் ஒரு காட்சி திட்டமிடாமல் வந்தது. படப்பிடிப்பின்போது ஜூன் மாடிப்படியில் நின்று கீழே கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கண்ட இயக்குநர் அவரையும் அப்படியே படம் பிடித்தார். ஒரு சொல்லும் இல்லை. கணவர் பாடுகிறார், மனைவி கேட்கிறார். அந்தப் பார்வையில் இருப்பது பெருமையா, கவலையா, விடைபெறுதலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் முறை பார்த்தபோதே எனக்கு வேறொரு கட்டிலும், அதிலிருந்து வந்த கேள்வியும்தாம் கண்முன் நின்றன.

படம் முடிந்தது. பியானோவின் மூடியை மூடி, அதன்மேல் விரல்களை மெல்ல ஓட்டுகிறார் கேஷ். அறையில் சிறிது நேரம் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. இளைஞர் கைபேசியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "குரல் உடைகிறதே, ஃபாதர்" என்று தொடங்கியவர், அதற்குமேல் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒளியமைப்பைப் பற்றிப் பேச வந்தவர் அதைப் பேசாமலே போய்விட்டார்.

ஜூன் 2003 மே 15 அன்று இறந்தார். கணவர் நோயாளி, முந்திப்போனவர் மனைவி. அவ்வாண்டு சூலை 5 அன்று வர்ஜீனியாவில், ஜூனின் குடும்பத்தார் நடத்தி வந்த அரங்கில், கேஷ் கடைசி முறையாக மக்கள்முன் பாடினார். ஆகஸ்டு இறுதியில் எம்டிவி பரிசளிப்பு விழாவில் சிறந்த ஆண் பாடகர் காணொளிக்கான பரிசைப் பெற்ற ஜஸ்டின் டிம்பர்லேக் என்னும் இளைய பாடகர், இது அந்த முதியவர்க்கு உரியது, என் பாட்டனார் என்னைக் கேஷின் பாட்டுக் கேட்க வைத்தே வளர்த்தார் என்று மேடையிலேயே கூறினார். செப்டம்பர் 12 அன்று கேஷும் கண்மூடினார். அடுத்த ஆண்டு இக்காணொளிக்குக் கிராமி பரிசு கிடைத்தது. பெற்றுக்கொள்ள இருவரும் இல்லை. பாட்டை எழுதிய ரெஸ்னருக்கு முதலில் வேறொருவர் அதைப் பாடுவது ஒட்டவில்லை. காணொளியைக் கண்டபின், இனி இப்பாட்டு தம்முடையதன்று என்னும் கருத்துப்பட மனம் விட்டுச் சொன்னார். தம் பாட்டை ஒரு முதியவரிடம் விட்டுக்கொடுத்தவர் அவர். முதியவரிடமிருந்து பாட்டைப் பறித்தவன் நான்.

இவ்வளவும் விளங்கியபின் மறுநாளே உபதேசியார் வீட்டிற்குப் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. திருவிழா வேலை, பின் பள்ளி வேலை, பின் மேற்றிராசனக் கூட்டங்கள். அடுத்த பெரிய வெள்ளியன்று அவரையே பாடச் சொல்லி, எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். திருவருகைக்கால இரண்டாம் வாரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். அடக்கத்தை நான்தான் நடத்தினேன். அடுத்து வந்த பெரிய வெள்ளியன்று உபதேசியார் துக்கத்தில் இருந்தார், பவனிக்கே வரவில்லை. கேட்கும் துணிவும் எனக்கு இல்லை.

இந்த ஆண்டு, சாம்பல் புதனுக்கு முந்தைய நாள், அவர் வீட்டிற்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். பனியின்மேல் பழி போட்டது பொய் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அம்மாவின் கடைசிப் பெரிய வெள்ளியை நான் பறித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு சொன்னார்: "அவளுக்குத் தெரியும் சாமி. குழாய் நின்னு போச்சுன்னு சொன்னேன் பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அம்பத்தேழு வருசம் கூட இருந்தவ. என் குரல்லேயே கண்டுபிடிச்சிருவா. சாமி மனசு நோகக்கூடாதுன்னுதான் உங்ககிட்டே அப்படிக் கேட்டா."

அதைக் கேட்ட எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதவில்லை.

இந்த ஆண்டு பாட வேண்டும் என்றேன். "குரல் எங்கே இருக்கு சாமி? போன வருசமே போயிருச்சு" என்றார். அப்போது என் கைபேசியில் அந்தக் காணொளியை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாதவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முழுவதும் பார்த்தார். மாடிப்படிக் காட்சி வந்ததும், "அந்த அம்மா யாரு?" என்றார். "அவருடைய மனைவி." "இருக்காங்களா?" "படம் வந்து சில மாதத்தில் இறந்துவிட்டார்." "அவரு?" "அவரும். அம்மா போய் நாலு மாதத்தில்." தலையை அசைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "பெட்டியை மூடிட்டுத் தடவுறார் பாருங்க, அது பாட்டைவிட நல்லா இருக்கு" என்றார். பாடுகிறேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம் சாமி" என்றார். அது நான் அவருக்குச் சொன்ன அதே சொல்.

சென்ற ஞாயிறு பாடகர் குழு இளைஞர் வந்து, "ஃபாதர், பெரிய வெள்ளிக்குக் கீபோர்டை எந்தச் சுருதியில் வைக்கட்டும்?" என்று கேட்டார். அன்று அதை உறையிலிருந்தே எடுக்க வேண்டாம் என்றேன். "அப்படியானால் தாத்தா பாடுகிறாரா?" என்றார். தெரியாது என்றேன். "அவர் பாடாவிட்டால் யார் பாடுவது?" என்றார். அதுவும் தெரியாது என்றேன். அவர் சிறிது யோசித்து, "நான் அவர் பக்கத்தில் நடந்து வருகிறேன், ஃபாதர். மூச்சு வாங்கினால் அந்த இடத்தில் மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார்.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது பெரிய வெள்ளி கடந்திருக்கலாம். நேற்று மாலை செபமாலைக்குப் பின் அந்தத் தெரு வழியாக வந்தேன். உபதேசியார் வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு சாத்தியிருந்தது. உள்ளே புலம்பல் கேட்டது. மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்து, இருமல் வந்து, நின்றுபோயிற்று. சிறிது நேரம் கழித்து முதலடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன்.